தமிழ் வகுப்பில் பிள்ளைகள் யோசிக்க இடம் இருக்கிறதா?

ஃபிளாக்_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மொரீஷியஸ் தீவின் கிழக்குப் பக்கம் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். தமிழ்ப் பாடவேளை வந்ததும் இந்திப் பிள்ளைகள் ஓர் அறைக்கும், உருது, தெலுங்கு, மராத்திப் பிள்ளைகள் வேறு அறைகளுக்கும் பிரிந்து போய்விடுவார்கள். என்னிடம் வருவது சின்னக் கூட்டம்தான். அதனால் ஒவ்வொரு பிள்ளையிடமும் பேச முடிகிறது. ஆனால் என்ன பேசுகிறோம் என்று பார்த்தால் மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது.

பத்தி வாசிப்போம், அப்புறம் 'விடை எழுதுக'. "டோடோ எங்கே வாழ்ந்தது?" என்று கேட்டால், 'டோடோ', 'வாழ்ந்தது' என்ற இரண்டு சொல்லும் இருக்கிற வரியைத் தேடிப் பிடித்துப் பிள்ளை அப்படியே எழுதிவிடும். அந்த வரிக்கு அர்த்தம் தெரியாமலே முழு மதிப்பெண் வாங்கலாம்.

போன வாரம் ஐந்தாம் வகுப்பில் வேறு மாதிரி செய்து பார்த்தேன். டோடோவைப் பற்றி நானே நாலு வரி பலகையில் எழுதினேன். பெரிய பறவை, பறக்காது, தரையில் கூடு கட்டும், இப்போது இல்லை. வாசித்து முடித்ததும் ஒரே கேள்வி: "பறக்கத் தெரியாததால்தான் டோடோ அழிந்ததா?" கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

"ஆமாம் மிஸ்" என்றான் ஒருவன். நான் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வழக்கமாக வாயே திறக்காத ஒரு பெண், பிள்ளைகள் இங்கே வீட்டில் பேசுகிற கிரியோல் மொழியில் கேட்டாள்: அதற்கு முன்னாடியும் அதற்குப் பறக்கத் தெரியாதே, அப்போது மட்டும் எப்படி உயிரோடு இருந்தது?

அப்புறம் என்னால் யாரையும் உட்கார வைக்க முடியவில்லை. அப்படியானால் புதிதாக ஏதோ வந்திருக்க வேண்டும். மனிதர்கள் வந்தார்கள். டச்சுக்காரர்கள் 1598இல் இறங்கியது அவர்களுக்குத் தெரியும். "இவ்வளவு பெரிய தீவில் எல்லாவற்றையும் பிடித்துச் சாப்பிட்டுவிட்டார்களா?" என்று இன்னொருவன். கப்பலில் வேறு என்னவெல்லாம் வந்திருக்கும் என்றேன். எலி, பன்றி, குரங்கு என்று வரிசையாக வந்தது. வீட்டில் கோழி வளர்க்கிற பையன், கீரி முட்டையைத் தூக்கிப் போவதைச் சொன்னான். கீரி இங்கே வந்தது ரொம்பப் பிற்காலத்தில் என்றேன். "அப்போ எலிதான் மிஸ்" என்றான். 'தரையில் கூடு கட்டும்' என்ற வரி அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

கடைசியில் ஆளுக்கு இரண்டு வரி தமிழில் எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை எழுதியது: "டோடோ மாறவில்லை. தீவு மாறிவிட்டான்."

இப்போது உங்களிடம் கேட்க வந்தது. பேச்சு முக்கால்வாசி கிரியோலில்தான் நடந்தது. தமிழ் வகுப்பில் அதை விடலாமா? 'மாறிவிட்டான்' என்பதை அந்த நேரத்தில் திருத்தாமல், அடுத்த நாள்தான் எடுத்துச் சொன்னேன். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?


காத்ர்போர்ன்_அம்மா எழுதியது:

டீச்சர், படிக்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒரு தாயாகச் சொல்கிறேன். என் மகனுக்கு அடுத்த வருடம் பிஎஸ்ஏசி, தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு. காலையில் பள்ளிக்கூடம், விட்டதும் லெசோன் என்கிற டியூஷன், வீட்டுக்கு வந்தால் கணக்கு, பிரெஞ்சு, ஆங்கிலம். சனிக்கிழமையும் லெசோன்தான். பிள்ளை யோசிப்பதற்கு எந்த நேரம் மிச்சம் இருக்கிறது? ஒரு பாடவேளை முழுக்க டோடோவைப் பற்றிப் பேசினால் பாடத்தை யார் முடிப்பது? குறை சொல்லவில்லை. 2017இல் சிபிஇ என்ற பழைய தேர்வு போய் பிஎஸ்ஏசி வந்தபோது சுமை குறையும் என்று நம்பினோம். எங்கள் வீட்டில் குறையவில்லை.


பழைய_வாத்தியார் எழுதியது:

அம்மா ஃபிளாக் டீச்சர், உங்கள் அக்கறை எழுத்திலேயே தெரிகிறது. கேள்வி அருமையான கேள்வி. ஆனால் கிரியோல் விஷயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

இந்தப் பிள்ளை வீட்டில் கிரியோல் பேசுகிறது. தெருவில், பஸ்ஸில், விளையாட்டு மைதானத்தில் எல்லாம் கிரியோல். 2011 கணக்கெடுப்பிலேயே வீட்டில் கிரியோல் பேசுவதாகச் சொன்னவர்கள் 80 விழுக்காட்டுக்கு மேல். 2012இல் அது தொடக்கப் பள்ளியில் பாடமாகவும் வந்துவிட்டது, நல்ல விஷயம், அதற்கு அதன் இடம் கிடைத்தது. தமிழுக்கு இருக்கிற இடம் எது? உங்கள் அறையில் அந்த ஒரு பாடவேளை. அந்த நேரத்திலும் காதில் தமிழ் விழவில்லை என்றால் வேறு எங்கே விழும்? கோயிலில் தேவாரம் கேட்கும், காவடிக்கு அரோகரா சொல்லும். அதில் பேச்சு இல்லை.

பிள்ளை யோசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசிப்பதைத் தமிழில் யோசிக்கப் பழக்க வேண்டும் என்கிறேன். 'தீவு மாறிவிட்டான்' என்பதை அன்றே திருத்தியிருக்கலாம். பிள்ளைக்கு அது காயமாக இருக்காது.


ஃபிளாக்_டீச்சர் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்வியைத் தமிழில்தான் கேட்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது. அவளுக்குத் தெரிந்த தமிழின் அளவுக்குத்தான் அவள் யோசிக்கலாம் என்றால், பத்து வயசுப் பிள்ளையை நாலு வயசுப் பிள்ளையாக உட்கார வைக்கிறோம். கிரியோலுக்கு ஆண்பால், பெண்பால் விகுதி கிடையாது. அதனால்தான் 'மாறிவிட்டான்' வந்தது. எங்கே தடுக்கியது என்று எனக்குத் தெரிந்ததால், மறுநாள் அவன், அவள், அது மூன்றையும் வைத்து ஒரு பாடமே நடத்தினேன். அந்தப் பிள்ளையின் வரிதான் உதாரணம். எல்லோருக்கும் மனசில் நின்றது.

வேல்ஸ் நாட்டில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1994இல் இதே மாதிரி ஒரு முறையைப் பற்றி எழுதினார். ஒரு மொழியில் வாசித்துவிட்டு மற்ற மொழியில் எழுத வைப்பது. ஆங்கிலத்தில் படித்ததை வெல்ஷில் சொல்ல வேண்டும் என்றால் பிள்ளை வரியைக் காப்பி அடிக்க முடியாது, புரிந்துகொண்டே ஆக வேண்டும். அவர்களுக்கும் பெரிய மொழிக்குப் பக்கத்தில் சின்ன மொழியைக் காப்பாற்றுகிற கவலைதான். அதனால்தான் அந்த வழி எனக்குப் பிடித்தது. கிரியோலில் பேசிவிட்டுத் தமிழில் எழுது என்கிறபோது, எழுதுகிற தமிழ் பிள்ளையின் சொந்தத் தமிழாக இருக்கிறது.

காத்ர்போர்ன் அம்மாவுக்கு: நேரம் பற்றிச் சொன்னீர்கள். முழுப் பாடவேளையும் தினமும் வேண்டாம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970களில் அறிவியல் வகுப்புகளில் போய் அளந்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் வேறு பிள்ளையைக் கேட்கிறார், அல்லது தானே சொல்லிவிடுகிறார். அதையே மூன்று விநாடி, அதற்கு மேல் என்று நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, 'தெரியாது' குறைகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் அதே மாதிரி நிறுத்த வேண்டும் என்கிறார். உடனே 'சபாஷ்' என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். இரண்டு மூன்று விநாடியில் எந்தப் பாடமும் தள்ளிப்போகாது.

நின்று பார்த்தால் தெரியும், மூன்று விநாடி வகுப்பில் ரொம்ப நீளம். நமக்குத்தான் கை பரபரக்கும்.


லோயர்_சிக்ஸ் எழுதியது:

வணக்கம். நான் எச்எஸ்சி என்கிற மேல்நிலைத் தேர்வுக்குப் படிக்கிறேன், தமிழும் எடுத்திருக்கிறேன். மாணவன் எழுதலாம் இல்லையா?

அதற்கு முந்தைய எஸ்சி தேர்வு வரைக்கும் எனக்குத் தமிழ் என்றால் மனப்பாடம். ஒரு கட்டுரைத் தொகுப்பு கொடுப்பார்கள். 'நான் விரும்பும் தலைவர்', 'மரம் வளர்ப்போம்', 'நேரம் பொன் போன்றது'. அதில் எது வந்தாலும் எழுதுவேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். இப்போது ஒரு கதையைக் கொடுத்து, இந்தப் பாத்திரம் செய்தது சரியா, உன் கருத்து என்ன என்று கேட்கிறார்கள். என்னிடம் கருத்து இருக்கிறது, பிரெஞ்சில் எழுதச் சொன்னால் நாலு பக்கம் எழுதுவேன். தமிழில் 'எனக்கு இதில் உடன்பாடு இல்லை' என்று எழுதவே இந்த வருடம்தான் கற்றுக்கொண்டேன்.

டீச்சர் செய்கிற மாதிரி ஐந்தாம் வகுப்பிலேயே யாராவது கேட்டிருந்தால் தமிழை எடுத்த என் நண்பர்களில் பாதிப் பேர் இன்னும் தமிழ் படித்துக்கொண்டு இருப்பார்கள். அவர்கள் விட்டதற்குக் காரணம் கஷ்டம் இல்லை. வகுப்பில் அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

டோடோவுக்கு ஒரு கணக்கு: 1598இலிருந்து, கடைசியாகப் பார்த்ததாகப் பொதுவாக ஒப்புக்கொள்கிற 1662 வரை 64 வருடம். ஒரு தாத்தாவின் ஆயுளுக்குள் ஓர் இனமே போய்விட்டது. பிள்ளைகளிடம் அந்த எண்ணை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.


மயேபூர்_மாலைப்பள்ளி எழுதியது:

தம்பி எழுதியது மனசைத் தொட்டது. நான் வாசிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் மாலைப் பள்ளியில் பெரிய சிக்கல் அதுதான்.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களிடம் சொல்லிப் புத்தகம் வாங்கிவரச் சொல்வோம். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு என்று அட்டையில் போட்டிருக்கும். வீட்டிலும் தெருவிலும் தமிழ் கேட்டு வளர்ந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அது. நம் பிள்ளைக்கு ஒரு பக்கத்தில் பாதிச் சொல் தெரியாது. பால் நேஷன் என்ற மொழியியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆங்கிலக் கதைகளை வைத்து ஆராய்ந்து சொன்னது, அகராதியும் ஆளும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்து வாசிக்க 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். தமிழுக்கு அந்த எண் அப்படியே பொருந்துமா என்பது வேறு, ஆனால் பாதிச் சொல் தெரியாத பக்கத்தை வாசி வாசி என்று சொல்வது கொடுமை என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

அதனால் இப்போது 'ஸ்டோரிவீவர்' தளத்தில் இருந்து எடுக்கிறோம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது. தமிழில் நிறையக் கதைகள், நாலு நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது, அச்சடித்துக் கொடுக்க அனுமதியும் உண்டு. முதல் நிலைக் கதையில் பக்கத்துக்கு ஒரு வரி, ஒரு படம். பன்னிரண்டு வயதுப் பையன் அதை எடுக்கக் கூச்சப்படுவான் என்று நினைத்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிற வேலையை அவனிடம் கொடுத்தோம், கூச்சம் போய்விட்டது. வீட்டில் நாலு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு வருகிறான்.

வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் எல்லோரும் அவரவர் விரும்பிய புத்தகத்தை மௌனமாக வாசிக்கிறோம், ஆசிரியர் உட்பட. முடிந்ததும் கேள்வி கிடையாது. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடலாம். பெற்றோர் சிலர் இதைப் பார்த்துவிட்டு "பாடம் நடத்தவில்லையா?" என்று கேட்கிறார்கள். நடத்துகிறோம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.


டர்பன்_வாசகி எழுதியது:

தென்னாப்பிரிக்காவில் இருந்து எழுதுகிறேன். மொரீஷியஸ் உறவினர்கள் இந்த இழையை அனுப்பினார்கள்.

இங்கே பேர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்பு ஆய்வில், 2021இல், நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினருக்கு வாசித்ததைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று வந்தது. 2016இல் அது 78. எந்த மொழியிலும் சரி, ஆப்பிரிக்க மொழி பேசுகிற பிள்ளைக்கு அவன் வீட்டு மொழியில் கேள்வித்தாள் கொடுத்தும்கூட. ஏழ்மை, நிரம்பி வழியும் வகுப்பு, புத்தகமே இல்லாத பள்ளி, எல்லாம் காரணம். ஆனால் வகுப்புக்குள் போய்ப் பார்த்தவர்கள் சொல்கிற ஒன்று உண்டு: ஆசிரியர் ஒரு வரி சொல்ல, வகுப்பே சேர்ந்து கத்திச் சொல்வது. காதுக்கு நன்றாக வாசிக்கிற மாதிரியே இருக்கும்.

எங்கள் தமிழும் கிட்டத்தட்ட அந்த நிலைதான். 1860இல் 'ட்ரூரோ' கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் நாங்கள். கோயிலில் தேவாரத்தை ரோமன் எழுத்தில் அச்சடித்து வைத்துக்கொண்டு கணீரென்று பாடுகிறோம். பாடுவதில் எனக்கு அவ்வளவு பிரியம், அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் என்ன பாடினோம் என்று பிள்ளை கேட்டால் அறையில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. பழைய வாத்தியார் ஐயா, காதில் தமிழ் விழுவது முக்கியம் என்கிறீர்கள். எங்களுக்கு விழுந்துகொண்டுதான் இருந்தது. யாரும் அதில் எங்களைக் கேள்வி கேட்க விடவில்லை.


பழைய_வாத்தியார் எழுதியது:

டர்பன் அம்மா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

நான் சொல்ல வருவது இதுதான். பிள்ளைக்குக் கருத்து இருக்கிறது, சொல்லத் தமிழ் இல்லை என்கிறீர்கள். சரி. அப்படியானால் அந்தத் தமிழைக் கையில் கொடுங்கள். நாம் பிள்ளைகளுக்குப் பழங்களின் பெயர், விலங்குகளின் பெயர், வீட்டுச் சாமான்களின் பெயர் கற்றுக்கொடுக்கிறோம். 'எனக்கு அப்படித் தோன்றவில்லை', 'ஒருவேளை', 'அது எப்படித் தெரியும்?', 'அவள் சொன்னது சரி, ஆனால்', 'ஏனென்றால்' இதையெல்லாம் எந்த வகுப்பில் கற்றுக்கொடுக்கிறோம்? லோயர் சிக்ஸ் தம்பிக்கு 'உடன்பாடு இல்லை' பதினேழு வயதில் கிடைத்திருக்கிறது. ஏழு வயதில் கொடுக்கலாம். அட்டையில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளை கிரியோலில் தொடங்கட்டும், ஆனால் வாக்கியத்தின் தலை தமிழில் இருக்கட்டும். 'எனக்கு என்ன தோன்றுகிறது என்றால்' என்று தொடங்கிவிட்டு நடுவில் இரண்டு கிரியோல் சொல் போட்டால் நான் கண்டுகொள்ள மாட்டேன்.

முழுப் பேச்சும் கிரியோலில் போவதை நான் இப்போதும் ஏற்கவில்லை.


ஃபிளாக்_டீச்சர் எழுதியது:

ஐயா, அந்த அட்டை யோசனையை நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன். முதலில் பக்கத்துப் பிள்ளையோடு கிரியோலில் பேசு, பிறகு வகுப்புக்குச் சொல்லும்போது அட்டையில் உள்ள தமிழில் தொடங்கு என்று பிரித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஃபிராங்க் லைமன் 1981இல் சொன்ன முறையும் இதேதான், தனியாக யோசி, ஜோடியாகப் பேசு, எல்லோருக்கும் சொல். கூச்சப்படுகிற பிள்ளைக்கு அந்த நடுப்படிதான் உயிர். ஒருவரிடம் சொல்லிப் பார்த்த பிறகு சபைக்குச் சொல்லத் தைரியம் வரும்.

இன்னொன்றும் செய்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசியில் ஒரு சின்ன நோட்டில் மூன்று வரி. இந்த வாரம் புரிந்தது, புரியாதது, கேட்க நினைத்தது. மதிப்பெண் கிடையாது, சிவப்புப் பேனா கிடையாது. எழுத்துப்பிழையோடுதான் வரும். நான் கீழே ஒரு வரி பதில் எழுதுவேன், அதில் அதே சொல்லைச் சரியாக எழுதிக் காட்டுவேன். ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "பாட்டி தமிழ் பாட்டு தெரியும். தமிழ் பேச தெரியாது. ஏன்?" என்ன பதில் எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். பாட்டியிடமே கேட்டு வந்து எனக்குச் சொல் என்று எழுதினேன்.


காத்ர்போர்ன்_அம்மா எழுதியது:

எனக்கும் என் கணவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. இதைக்கூட என் அக்காதான் நான் சொல்லச் சொல்ல தட்டச்சு செய்கிறாள். எங்களைப் போன்ற வீட்டில் என்ன செய்ய முடியும்? சொல்லுங்கள், செய்கிறேன்.


மயேபூர்_மாலைப்பள்ளி எழுதியது:

அக்கா, நிறையச் செய்யலாம். பையன் தமிழில் வாசித்த கதையை ராத்திரி சாப்பிடும்போது உங்களுக்குக் கிரியோலில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குக் கதை தெரியாது என்பதுதான் இதில் பலம். ஆசிரியருக்குப் பதில் தெரியும் என்று பிள்ளைக்குத் தெரியும், அதனால் வகுப்பில் அரைகுறையாகச் சொல்லும். உங்களுக்கு நிஜமாகவே தெரியாது, அதனால் முழுசாகச் சொல்லியாக வேண்டும். நடுவில் புரியாவிட்டால் "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் திரும்பப் புத்தகத்தைப் புரட்டுவான்.

லெசோன் இருக்கிற நாளில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போதும்.


லோயர்_சிக்ஸ் எழுதியது:

டீச்சர், அடுத்த பாடத்துக்கு என்ன கேள்வி வைத்திருக்கிறீர்கள்?


ஃபிளாக்_டீச்சர் எழுதியது:

புயல் பற்றிய பாடம் வருகிறது. 'புயல் வந்தால் என்ன செய்ய வேண்டும்' என்று கேட்டால், டார்ச், தண்ணீர், ரேடியோ என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையே ஒப்பிக்கும். அதற்குப் பதிலாக, "நம் ஊரில் புது வீடுகளுக்கு ஏன் கான்கிரீட் தளம்? தாத்தா காலத்து வீட்டுக்குக் கூரை எப்படி இருந்தது?" என்று கேட்கலாம் என்று இருக்கிறேன். 1960இல் கரோல் புயல் அடித்தபோது ஓலைக்கூரை, தகரக்கூரை வீடுகள் எவ்வளவோ போயின, அதற்குப் பிறகுதான் கான்கிரீட் வீடுகள் பெருகின. அதை நான் சொல்லாமல், வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரட்டும். கரோல், 1975இல் ஜெர்வேஸ், எதைப் பார்த்தவர் கிடைத்தாலும் சரி.


பழைய_வாத்தியார் எழுதியது:

கரோல் அடித்தபோது நான் சின்னப் பையன். எங்கள் கூரை போன பிறகு பள்ளிக்கூடத்தில்தான் படுத்தோம். உங்கள் பிள்ளைகளுக்கு ஆள் கிடைக்காவிட்டால் என்னைக் கேட்கச் சொல்லுங்கள், ஃபிளாக்குக்கு வருகிறேன். தமிழில்தான் பதில் சொல்வேன், மெதுவாகச் சொல்வேன். கேள்வியைப் பிள்ளைகளே தயாரிக்கட்டும், நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். அட்டையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'அப்புறம் என்ன நடந்தது?', 'நீங்கள் பயந்தீர்களா?', 'அது எப்படித் தெரியும்?'


ஃபிளாக்_டீச்சர் எழுதியது:

வாருங்கள் ஐயா. தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டுவிட்டு நாளைச் சொல்கிறேன். மயேபூர் பள்ளியிடம் ஒரு வேண்டுகோள்: மழை, காற்று பற்றிய முதல் இரண்டு நிலைக் கதைகள் அச்சடித்தது இருந்தால் சில பிரதிகள் தர முடியுமா? படித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறோம்.


மயேபூர்_மாலைப்பள்ளி எழுதியது:

இருக்கிறது. திருப்பி அனுப்ப வேண்டாம், பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்.